எண்ணிக்கைக்கு மேல் இருவர்

தீவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் யாரும் இல்லை. அக்கரையில், டவுனுக்குள், ஒரு மாடிப் பட்டறையில் பல் செட் செய்வது அவள் பிழைப்பு. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்து மினுக்கி, டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். ஆகவே ஊருக்கெல்லாம் அவள் பல்லக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் பல்லக்காதான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போகும் சுபாவம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. அநியாயம் என்று பட்டுவிட்டால் ஆள் யார், இடம் எது என்று பார்க்கமாட்டாள். கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

அவள் புருஷன் வெல்டர். படகுத்துறையின் கம்பி வேலி, பள்ளிக்கூடத்து கேட், ஊரில் பாதி வீட்டு ஜன்னல் கம்பிகள் எல்லாம் அவர் கைவேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. நெருப்புக்கு முன்னால் நிற்கிற உடம்பு, சூடாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பரிசோதித்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் கையை விரித்திருந்தன. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அக்கரையில். போக இருக்கும் ஒரே வழி படகு.

அந்தப் படகில்தான் வம்பே.

முன்பெல்லாம் படகில் ஏறினால் எல்லாம் தெரிந்த முகங்கள். யார் எந்தப் பெஞ்சில் உட்காருவார், யார் தூங்கி வழிவார், யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை எல்லாருக்கும் அத்துப்படி. பிறகு தீவின் பின்பக்கத்தில் இருக்கும் குகைக் கடற்கரையை யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான், உலகமே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. காலையில் போகும் முதல் படகு முழுக்கத் தங்கள் ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள். விமானத்தைப் பிடிக்க அதை விட்டால் அவர்களுக்கும் வேறு படகு கிடையாது. சாயங்காலப் படகு முழுக்கப் புதிதாக வருகிறவர்கள். பெஞ்சில் பாதி ஆட்களுக்கு, பாதி பெட்டிகளுக்கு. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு சிவப்புப் பெட்டி சொகுசாக உட்கார்ந்து போவதைப் பல்லக்கா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை. டயாலிசிஸ் முடிந்து வருகிற மனுஷன் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். உதடு வெளுத்திருக்கும். அவர் நின்றுகொண்டே வரவேண்டியிருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கையைக் காட்டி இடம் கேட்டால், ஏதோ போட்டோ எடுக்கச் சொல்கிறாள் என்று நினைத்துப் பெரிதாகச் சிரிப்பார்கள். இன்னும் கொஞ்சம் குரலை உயர்த்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு அவள் ஏன் கத்துகிறாள் என்று தெரியாது. அவர்கள் ஏன் நகரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. அவர்களை அவள் மனுஷர்களாகப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து சொல்லும்போதும், "இன்னைக்கு எழுபது தொப்பி வந்துச்சு" என்றுதான் சொல்லுவாள்.

வெல்டர் மட்டும், அவர்களும் டிக்கெட் எடுத்துத்தானே ஏறுகிறார்கள் என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சீட்டு வாங்கினால் மட்டும் போதுமா, கண்ணும் வாங்கிக்கொண்டு வரவேண்டாமா என்பாள்.

இந்தச் சண்டையில் அவளுக்குக் கூட்டாளி முள்ளண்ணன். டவுனில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கடிகார முள்ளை மாற்றுகிறவர் என்பதால் அந்தப் பெயரா, பேச்சு குத்தும் என்பதால் அந்தப் பெயரா என்பது ஊருக்கே மறந்துவிட்டது. டூரிஸ்டுகளைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதே சமயம் தன் வீட்டு மாடி அறையை அவர்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருந்தார். வெந்நீருக்குத் தனிக்காசு வாங்குகிறார் என்றும் ஊரில் பேச்சு. இதை யாராவது சொல்லிக்காட்டினால், வீடு வேறு, படகு வேறு என்று அடித்துப் பேசுவார்.

அந்த இரண்டு பேருமாகத்தான் 'உட்காரும் போராட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் சீக்கிரமே போய் எல்லாப் பெஞ்சிலும் உட்கார்ந்துகொள்வது, பக்கத்தில் குடை, பை, செருப்பு என்று எதையாவது பரப்பிவைப்பது. முதல் நாள் பிரமாதமாக நடந்தது. தொப்பிகள் எல்லாம் வெயிலில் நின்றன. பல்லக்காவுக்கு வயிறு குளிர்ந்தது. நடுக்கடலில் அலை கொஞ்சம் தூக்கிப்போட்டது. ஒரு வெளிநாட்டுப் பெண், இருபது வயது இருக்கலாம், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. பல்லக்காவும்தான். எழுந்தது ஒரே ஒரு ஆள். வெல்டர். தன் இடத்தில் அந்தப் பெண்ணை உட்காரவைத்துவிட்டு, கரை வரும் வரை அவர் நின்றுகொண்டு வந்தார்.

அன்று வீட்டில் பெரிய சண்டை. யாருக்காக நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், அந்த இடத்தைத் தூக்கி அவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்து நிற்கிறீர்களே என்று பிடித்துக்கொண்டாள். அவர் கடைசியில், "எனக்கும் குமட்டும்ல, அதனால தெரியும்" என்று மட்டும் சொன்னார். போராட்டம் அந்த ஒரு நாளோடு நின்றுபோயிற்று. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். பொழுது அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. பல்லக்கா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்றுப் பிரிவில் இருக்கும் பெண். ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, அவருக்குப் பொருந்தும் போலிருக்கிறது, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் உடனே கிளம்பி வாருங்கள் என்றாள். இரண்டாவதாக இன்னொருவரையும் கூப்பிட்டிருக்கிறோம், நீங்கள் நேரத்துக்கு வராவிட்டால் அவருக்குப் போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

பல்லக்கா அடுப்பை அணைத்தாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை. பை ஒன்று ஆறு மாதமாகக் கட்டித் தயாராக இருந்தது. வெல்டர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்ட பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார். அவள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடினாள் என்றால் அவள் ஓடினாள். அவரால் அவ்வளவு வேகம் முடியாது. பாதி வழியில் ஒரு தள்ளுவண்டிக்காரர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

காற்று பலமாக இருந்தது. சின்னப் படகு எதுவும் கடலில் இறங்கக் கூடாது என்று துறையில் கொடி ஏற்றியிருந்தார்கள். பெரிய படகு ஒன்றுதான். துறையில் அது புறப்படத் தயாராக நின்றது. ஏணிப்பலகையின் தலைமாட்டில் கணக்கர் நின்றுகொண்டிருந்தார். ஏறுகிறவர்களைக் கையில் ஒரு சின்ன மெஷினை வைத்து எண்ணுகிற ஆள் அவர். பக்கத்துத் துறையில் ஒரு படகு பாரம் தாங்காமல் கவிழ்ந்ததிலிருந்து அவர் எண்ணிக்கை என்றால் எண்ணிக்கைதான். பெற்ற தாய் வந்து நின்றாலும் ஒரு தலை கூடுதலாக ஏற்றமாட்டார்.

"அக்கா, ஆள் நிறைஞ்சு போச்சு" என்றார்.

"இவருக்குக் கிட்னி கிடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. இப்பவே போகணும்."

கணக்கர் முகம் வெளுத்துவிட்டது. வெல்டரோடு ஒரே பெஞ்சில் படித்தவர் அவர். திரும்பி, மேலே சுக்கானைப் பிடித்து நின்ற சாரங்கைப் பார்த்தார். சாரங்கு கடலைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பேரை ஏற்றிக்கொள்வேன், இந்தக் காற்றில் அதற்குமேல் ஒரு ஆள்கூட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான் என்பது பல்லக்காவுக்கே தெரிந்தது.

படகில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வெளிநாட்டுக்காரர்கள். நம்மவர்கள் நாலைந்து பேர். இரவுப் பணிக்காரரை அனுப்பிவிட்டுப் பணியேற்க வேண்டிய நர்ஸ் ஒருத்தி, பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகள் இரண்டு. முன் பெஞ்சில் முள்ளண்ணன். பல்லக்கா அவரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கர் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் இரண்டு விரலைக் காட்டி, "டூ பீப்பிள் டவுன்" என்றார். படகில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிலர் எட்டிக் கடலைப் பார்த்தார்கள். பல்லக்காவுக்குப் பொறுக்கவில்லை. கத்த ஆரம்பித்தாள். இறங்குங்கள், உயிர் போகிற விஷயம், உங்கள் விமானம் நாளைக்கும் பறக்கும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினாள். அவள் கத்தக் கத்த அந்த முகங்கள் இறுகின. விடியுமுன்பே வந்து வரிசையில் நின்றவர்கள் அவர்கள். யாரோ ஒரு பொம்பளை சண்டை போட்டு வரிசையைத் தாண்டி ஏறப் பார்க்கிறாள் என்றுதான் அவர்களுக்குப் பட்டிருக்கும். நெட்டையாக ஒருவர் எழுந்து, துறையைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, வெடுக்கென்று ஏதோ சொன்னார். இன்னொருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான்.

வெல்டர் அவள் தோளைத் தொட்டார். "நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார்.

அவர் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். அந்தக் கையை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. ஏணிப்பலகையில் இரண்டடி ஏறி நின்று, இடது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த கை அது. முழங்கையைச் சுற்றி, முடிச்சு முடிச்சாகக் கயிறு புதைத்த மாதிரிப் புடைத்திருக்கும். அதை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். சிலர் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள். படம் பிடித்தவன் போனை இறக்கினான்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு வெளிநாட்டு அம்மாள் எழுந்து வந்தாள். குட்டையான உருவம், நரைத்த தலை. வெல்டரின் முகத்தைப் பார்த்து, தொடலாமா என்று கண்ணால் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். தெரியாதவர்கள் என்றால் புடைப்பைத்தான் தொடுவார்கள். அவள் அதை விட்டுவிட்டு, சற்றுக் கீழே, ரத்தம் பாய்ந்து பூனை உறுமுவது மாதிரி விர்ரென்று அதிரும் இடத்தில் இரண்டு விரலை வைத்தாள். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வைப்பார்கள். வீட்டில், பக்கத்தில் படுத்து, இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கும் பல்லக்காவும் அப்படித்தான் வைப்பாள்.

அந்த அம்மாள் தன் இடுப்புக்குப் பின்னால் இரண்டு கையையும் வைத்துக் காட்டினாள். வெல்டர் ஆமாம் என்றார். பிறகு அவர் அக்கரையைக் காட்டினார், போனைக் காட்டினார், இரண்டு கையையும் ஏந்தி எதையோ வாங்கிக்கொள்வது மாதிரிக் காட்டினார். அவளுடைய கண் பெரிதாயிற்று. சட்டென்று திரும்பித் தன் பெஞ்சைப் பார்த்துப் பேசினாள். அந்த நெட்டை ஆள் அவளுடைய புருஷன் போலிருக்கிறது. அவர் மறுபடி கடிகாரத்தைத் தட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். என்ன வார்த்தையோ. அவர் வாயை மூடிக்கொண்டு, குனிந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்தார்.

அதற்குப் பிறகு படகே எழுந்து நின்றது. இன்னும் ஆறேழு பேர் நான் இறங்குகிறேன், நான் இறங்குகிறேன் என்கிற மாதிரிப் பையைத் தூக்கினார்கள். கணக்கர் இரண்டு போதும், இரண்டு போதும் என்று விரலைக் காட்டி அவர்களை உட்காரவைப்பதற்குள் தவித்துப்போனார். வாலிபன் ஒருவன் வெல்டரின் பையை வாங்கிக்கொண்டான். யாரோ ஒரு கோட்டை மடித்துப் பெஞ்சில் முதுகுக்கு அணைவாக வைத்தார்கள்.

ஏணிப்பலகையில் அந்த அம்மாள் இறங்க, பல்லக்கா ஏற, இரண்டு பேரும் ஒரு கணம் நெருக்கியடித்து நின்றார்கள். அந்த அம்மாள் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள், சிரித்தாள். கீழ்வரிசையில் முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. அது மட்டும்தான் பல்லக்காவின் மனசில் பதிந்தது. கண் எப்படி, மூக்கு எப்படி, ஒன்றும் பதியவில்லை. கயிறு அவிழ்ந்து படகு நகர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்று. எழுந்து திரும்பிப் பார்த்தாள். துறையில் இரண்டு தொப்பிகள், இரண்டு பெரிய பெட்டிகள். அந்தத் தொப்பிகளில் ஒன்று கழற்றப்பட்டு, காற்றில் அசைந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு முன்னால் இன்னொரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவதாகக் கூப்பிடப்பட்டவர்கள். அந்தப் பெண்ணின் மடியிலும் அதே மாதிரி கட்டித் தயாராக இருந்த பை. பல்லக்கா உள்ளே நுழைந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் என்னவெல்லாமோ வந்து போயிற்று. ரத்தப் பரிசோதனை பொருந்திவிட்டது என்று செய்தி வந்து, அவர்கள் கிளம்ப வேண்டிய நேரத்தில், அவளே எழுந்து வந்து பல்லக்காவின் கையைப் பிடித்து, "நல்லபடியா முடியட்டும்" என்றாள். உங்களுக்கும் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லப் போன பல்லக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். சீக்கிரம் கிடைக்க வேண்டுமென்றால் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் சாக வேண்டுமே. இப்போதுகூட எந்த வீட்டிலோ அழுதுகொண்டிருப்பார்கள். அழுகைக்கு நடுவில் யாரோ சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள். அதை நினைத்ததும் அவள் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் வெல்டரை உள்ளே கொண்டுபோனார்கள். டவுனில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஓடிவந்து கூட இருந்தாள். சாயங்காலம் தாழ்வாரத்துக்கு முள்ளண்ணன் வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். பெஞ்சின் மறுகோடியில், விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தார். மகள் அவரைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கப் போனாள்.

"உள்ள கொண்டு போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

டீயை ஊற்றிக் கொடுத்தார். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"காலையில நான் எந்திரிச்சிருக்கணும், பல்லக்கா."

அவள் டீயை ஊதினாள்.

"பெரிய காரணம்லாம் ஒண்ணும் இல்ல. ஒருத்தர் கடிகாரம் வாங்க வரேன்னிருந்தாரு, அவ்வளவுதான். யாராவது எந்திரிப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அந்தம்மா எந்திரிச்சிருச்சு. அதுக்கப்புறம் எந்திரிக்க வெட்கமாப் போச்சு."

காலையிலிருந்து அவருக்காக அவள் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சநஞ்சமில்லை. முள்ளுக்கே முள் குத்துகிற மாதிரியான வார்த்தைகள். இப்போது அதில் ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. கடிகாரத்துக்குள்ளேயே பார்த்துப் பார்த்து இடுங்கிப்போன கண்ணை அவர் தரையிலிருந்து எடுக்கவேயில்லை.

"நான் அந்த இடத்துல உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலண்ணே" என்றாள். "அன்னைக்கு அந்தப் பொண்ணு வாந்தி எடுத்தப்போ நானும்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள். பிறகு அவர்தான் சொன்னார். காற்று கூடிவிட்டதால் மத்தியானப் படகு ஓடவில்லை. இறங்கின இரண்டு பேரும் விமானத்தை விட்டுவிட்டுத் துறையிலேயே பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், தீவில் எந்த விடுதியிலும் இடம் இல்லை என்று கணக்கர் அவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"வீட்டுக்குப் போன் பண்ணி மாடி ரூமைத் திறந்துவிடச் சொல்லிட்டேன். வாடகைன்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்."

"வெந்நீர்?"

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "வெந்நீரும்தான்."

அன்று முழுவதும் அவள் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது. சிரிக்க ஆரம்பித்தது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியாது. முள்ளண்ணன் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து, வைத்திருக்கிறோம், இனி அது வேலை செய்ய வேண்டும் என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி கழிந்தது. காலையில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க விட்டார்கள். கட்டிலின் பக்கத்தில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கால்வாசிக்கு மேல் மஞ்சளாக நிறைந்திருந்தது. நர்ஸ் அதைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷனுக்கு ஒரு சொட்டு சிறுநீர் வந்ததில்லை. பல்லக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உலகத்தில் ஒரு மனுஷன் ஒன்றுக்குப் போனதற்காக அவன் பெண்டாட்டியும் மகளும் கட்டிப்பிடித்து அழுததை அந்தத் தாழ்வாரம் அன்று பார்த்தது. வெல்டர் உள்ளிருந்து, மயக்கம் முழுதாகத் தெளியாமல், கௌரவமான ஆள் மாதிரி லேசாகக் கையை உயர்த்தினார்.

கிருமி தொற்றக் கூடாது என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்து இரண்டு மாதம் இருக்கச் சொன்னார்கள். முள்ளண்ணனின் மனைவி ஒருநாள் அங்கே பார்க்க வந்தாள். அவள் மூலமாகத்தான் மீதிக் கதை தெரிந்தது. கடல் அடங்காததால் அந்த இரண்டு பேரும் மாடி அறையில் இரண்டு நாள் தங்கினார்களாம். நெட்டை ஆள் முதல் நாள் உர்ரென்று இருந்தாராம். மறுநாள் தானாகவே உட்கார்ந்து, வீட்டில் வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலைச் சரிசெய்து கொடுத்தாராம். அந்த அம்மாள் பொழுதுக்கும் ஜன்னலில் நின்று, அக்கரையைக் காட்டி, என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

"நல்ல சேதி வந்துச்சு, அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள் முள்ளண்ணனின் மனைவி. "கையைப் பிடிச்சு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணி ஊத்துச்சு. அவங்களுக்கு அவரு பேரு தெரியாது, அதனால அவரு மாதிரி சட்டைக் கையைச் சுருட்டி நீட்டுற மாதிரி நடிச்சுக் காட்டினேன். மறுபடி குழாயைக் காட்டினேன். அவங்களுக்குப் பட்டுனு புரிஞ்சிருச்சு. என்னைக் கட்டிப்பிடிச்சு அப்படி ஒரு அழுகை."

பிறகு அந்த அம்மாள் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாளாம். வாலிபன் ஒருவன். அவன் கையிலும் அதே முடிச்சுகள். அவனைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, ஏதோ சொன்னாளாம். அவன் இப்போது நன்றாக இருக்கிறானா, இல்லையா என்பது மட்டும் முள்ளண்ணனின் மனைவிக்குப் புரியவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை. படத்தில் அவன் முகத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாளாம்.

எந்த ஊர், என்ன பெயர் என்று எதுவும் தெரியாது. காற்று நின்றதும் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிப் பெண்ணிடமும் பல்லக்கா கேட்டுப் பார்த்தாள், சிறுநீரகம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வரலாமா என்று. யார் என்று சொல்லக் கூடாதும்மா, அது சட்டம் என்றாள் அந்தப் பெண். பல்லக்காவின் வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது அது. திட்டுவதற்கு அவளுக்கு எப்போதும் எதிரில் ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். நன்றி சொல்ல வந்தபோது, இரண்டு பக்கமும் ஆளைக் காணோம்.

வீடு திரும்பிய அன்று சாயங்காலப் படகில், முகத்தில் துணிக்கவசம் கட்டிய வெல்டரை, சாரங்கு தன் பக்கத்தில் மேலேயே உட்காரவைத்துக்கொண்டார். கீழே வழக்கமான நெரிசல். பெட்டிகள் இருந்தன, தொப்பிகள் இருந்தன. பல்லக்கா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, தொப்பிகளுக்குக் கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருத்திக்கு மூக்கு தோல் உரிந்திருந்தது. ஒருவர் தூங்கிய பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிழவரும் கிழவியும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளாக இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று தோன்றியது அவளுக்கு.

படகுத்துறையில் ஊரே வந்து நின்றது. கணக்கர் மெஷினைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வெல்டரைக் கைப்பிடித்து இறக்கினார். அவர் தரையில் காலை வைத்ததும் முள்ளண்ணன் கைதட்ட ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் சேர்ந்து தட்டினார்கள். படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். இறங்கினவர் ஏதோ பெரிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் தட்டினார், இருவர் தட்டினார்கள், பிறகு அத்தனை பேரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள். தோளில் தூங்கிய பிள்ளை விழித்து, மலங்க மலங்கப் பார்த்துவிட்டு, அதுவும் தட்டியது. வெல்டர் வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிந்தார்.

பல்லக்கா அந்தக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். எதற்காகத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுகிறவர்கள். அவள் இரண்டு கையையும் கூப்பி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒருவர் விடாமல் கும்பிட்டாள். எதற்காகக் கும்பிடுகிறாள் என்று அவர்களுக்கும் தெரியாது. திருப்பிக் கும்பிட்டார்கள் சிலர், தொப்பியைத் தூக்கினார்கள் சிலர்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவன் இழுத்துக்கொண்டு வந்த பெட்டிச் சக்கரம் அவள் கால் விரலில் ஏறி இறங்கியது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாய் வழக்கம்போல் தானாகத் திறந்தது. பெட்டிக்காரன் பதறிப்போய் நின்றான். இன்னும் மீசைகூடச் சரியாக முளைக்காத முகம்.

"பாத்து இழுப்பா" என்றாள் பல்லக்கா. பிறகு, அவன் இன்னும் பயந்தே நிற்பதைப் பார்த்து, போ போ என்று கையைக் காட்டி அவனுக்கு வழிவிட்டாள்.